வெள்ளி அருவியைப் படம் பிடித்தேன்

(மூன்றாமாண்டு இயற்பியல் மாணவன்)

கண்ணுக்கு அத்தனை அழகாய்த் தோன்றும் அருவி, படத்தில் மட்டும் வெறும் வெள்ளைத் துணியாகிவிடுவது ஏன்? கோடைக்கானல் சுற்றுலாவில் எனக்கு எழுந்த ஐயம் இது. விடை தேடியபோது வகுப்பில் படித்த இயற்பியலே கைகொடுத்தது.

வத்தலக்குண்டிலிருந்து ஏறும் மலைப்பாதையில், கோடைக்கானலை அடையச் சுமார் 8 கிலோமீட்டர் இருக்கையில், சாலையோரமாகவே வீழ்கிறது வெள்ளி அருவி. உயரம் ஏறத்தாழ 180 அடி. 1863-ஆம் ஆண்டில் லெவிஞ்ச் என்னும் ஆங்கிலேய அதிகாரி அமைத்த கோடைக்கானல் ஏரியின் மிகுநீரே இங்கு அருவியாகிறது.

முதல் நாள் நண்பகல். முழு அருவியும் படத்தில் அடங்க வேண்டுமென்று கண்ணைக் காமிராவில் வைத்தபடியே பின்வாங்கினேன். "ஏப்பா, பின்னால பஸ் வருது பாரு!" என்று சோளக்கதிர் விற்ற அம்மா ஒருவர் அலறியபோதுதான், நடுச்சாலையில் நிற்பது தெரிந்தது. சாலையோர அருவியில் கற்க வேண்டிய முதற்பாடம் இதுவே.

அவ்வளவு துன்பப்பட்டு எடுத்த படமும் வீண். காமிராவின் ஒளிமானி, தன் முன் உள்ள காட்சி முழுவதும் நடுத்தர வெளிச்சம் உடையது என்றே கொள்கிறது. கரும்பாறை மிகுந்திருந்ததால் ஒளியைக் கூட்டிவிட்டது. நீர் வெளுத்துப் போயிற்று.

மறுநாள் காலை, மேகமூட்டத்தில் மீண்டும் சென்றேன். 5 மீட்டர் தடையின்றி விழும் நீர்த்துளியின் வேகம், நொடிக்குச் சுமார் 10 மீட்டர். 1/500 நொடியில் அது நகர்வது 2 செ.மீ. மட்டுமே, ஆகவே துளி துளியாகத் தெரியும். அரை நொடி ஷட்டரைத் திறந்து வைத்தால் 5 மீட்டருக்கு மேல் நகர்ந்து, பட்டிழையாய்ப் படியும்.

அன்றைய ஒளிக்கு ஐ.எஸ்.ஓ. 400, துவாரம் எஃப் 4 எனில் 1/500 நொடி போதுமானதாக இருந்தது. துவாரத்தை எஃப் 16 ஆகச் சுருக்கினேன். 1/30 நொடி தேவைப்பட்டது. ஐ.எஸ்.ஓ.வை 100 ஆகக் குறைத்தேன், 1/8 ஆயிற்று. ஈரப்பாறையின் பளபளப்பைத் தணிக்கும் போலரைசர் கண்ணாடியைப் பொருத்தினேன். அரை நொடி கிடைத்தது. முக்காலி இல்லை. கைப்பிடிச் சுவரில் துண்டை மடித்து வைத்து, அதன்மேல் காமிராவை இருத்தி, கை அசையாதிருக்கத் தானியங்கி நேரக்கருவியால் இயக்கினேன்.

படம் நன்றாகவே வந்தது. ஆனால் பெரிதாக்கிப் பார்த்தபோது, பாறையிடுக்கில் மூன்று பிளாஸ்டிக் புட்டிகள்! சற்றே விலகி நின்றிருந்தால் அவற்றை மறைத்திருக்கலாம். மறைத்தால் அருவி தூய்மையாகிவிடுமா? மேலே ஏரிக்கரையில் எறிவது கீழே அருவிக்குத்தானே வரும்! நேற்று நாங்கள் எறிந்தவை எத்தனையோ?

அந்தப் படத்தை வெட்டாமலே துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறேன். நண்பர்கள் காண்க.