பூவாலிப் பரலும் கப்பியும் ஒரே தொட்டியில்

கேள்வி: அய்யா, சுள்ளியாறு அணைக்குக் கீழே வாய்க்காலில் மூன்று பூவாலிப் பரல்களும் இரண்டு துப்பலாங்கொத்திகளும் பிடித்து, கப்பிகள் இருந்த இரண்டடித் தொட்டியில் விட்டோம். கப்பிகளின் வால் கிழிந்துவிட்டது. காலையில் ஒரு துப்பலாங்கொத்தி தரையில் செத்துக் கிடந்தது. மற்றவை மதியத்தில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. என்ன செய்யலாம்?
– வாசகர், கோவிந்தாபுரம்

பதில்: முதலில் அந்தத் திணறலைக் கவனியுங்கள். மற்ற வேலைகள் இரண்டு நாள் பொறுக்கும். இன்றைக்குத் தீனி போடாதீர்கள். கால் பங்கு தண்ணீரை மாற்றி, ஏர் பம்பை இரவும் பகலும் ஓடவிடுங்கள்.

இவை ஓடும் நீரில் வளர்ந்த மீன்கள். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். சூடு ஏற ஏற மீனுக்கு ஆக்சிஜன் கூடுதலாகத் தேவைப்படும், தண்ணீரிலோ குறைந்துகொண்டே போகும். பாலக்காட்டுப் பங்குனி, சித்திரை வெயிலில் ஜன்னலோரத் தொட்டி தாங்காது. நிழலான சுவரோரம் மாற்றுங்கள். போர்வெல் தண்ணீரை அப்படியே ஊற்றாமல், டிரம்மில் பிடித்து ஓரிரவு காற்று ஏற்றிவிட்டு ஊற்றுங்கள். வாய்க்கால் தண்ணீர் வேண்டவே வேண்டாம். முதலமடை மாந்தோப்புகளில் பூ வரும் காலத்தில் அடிக்கும் மருந்து மழையில் கழுவி வந்தால், மிகக் குறைந்த அளவே மீனைக் கொல்லும்.

ஏர் பம்ப் ஓடியும் திணறல் நிற்காவிட்டால் அமோனியாவும் நைட்ரைட்டும் சேர்ந்திருக்கின்றன என்று கொள்ளுங்கள். அவற்றை மாற்றும் பாக்டீரியா ஸ்பாஞ்ச் ஃபில்டரில் ஊறிப் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதனால் ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள்.

இனி சண்டை. பரல் கெட்ட மீன் அல்ல. கூட்டமாக இருந்தால் ஒன்றையொன்று துரத்தி, தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளும். மூன்றே மூன்று இருந்தால் பக்கத்தில் ஆடும் நீண்ட வாலைக் கடிக்கும். துப்பலாங்கொத்தியும் அப்படித்தான், அதோடு துரத்தப்பட்டால் துள்ளி வெளியே விழும். இடைவெளியில்லாத மூடி போட்டிருந்தால் உங்கள் மீன் பிழைத்திருக்கும். இரண்டுமே நாலைந்து அங்குலம் வளரக்கூடியவை. இரண்டடிக்கு ஓரடிக்கு ஓரடித் தொட்டி கொள்வது 56 லிட்டர். அது கப்பிக்குப் போதும். பரலுக்கு நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், அதாவது சுமார் 250 லிட்டர் வேண்டும். அதில் இரண்டு வகையிலும் ஆறாறு விடலாம். ஆண் பரலின் முதுகுத் துடுப்பில் இழைகள் நீண்டு வருவதை அப்போதுதான் முழுதாகப் பார்க்க முடியும். இதன் பேரினத்துக்கு, 2012இல் இலங்கை ஆய்வாளர் ரோகன் பெத்தியாகொடவும் உடன் உழைத்தவர்களும், உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸைக் கௌரவித்து டாக்கின்சியா என்று பெயரிட்டார்கள்.

எண்ணிக்கையை நிரப்ப, மழை தொடங்கும்போது முட்டையிட மேலேறும் மீனைப் பிடிக்காதீர்கள். ஊத்தபிடித்தம் எனப்படும் அந்த வழக்கம் கேரளத்தில் சட்டப்படி தடை. மிஸ் கேரளாவை ஆற்றிலிருந்து பிடித்து யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். அது அழியும் நிலையிலுள்ள மீன்.

பெரிய தொட்டிக்கு வசதி இல்லையென்றால், இருப்பவற்றை வளர்க்கத் தெரிந்த வேறொருவரிடம் கொடுங்கள். திரும்ப வாய்க்காலில் விடக்கூடாது. கடை மீனோடு இருந்தவை அதன் நோயையும் சுமந்து போகும். கப்பியையும் விடாதீர்கள். 2018 வெள்ளத்தில் பண்ணைகளிலிருந்து தப்பிய வெளிநாட்டு மீனான அராபைமா கேரள ஆறுகளில் வலையில் சிக்கியது நினைவிருக்கும்.