கரடி ஊருக்குள் வருவது வேட்டையை நிறுத்தியதால் அல்ல

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் மே முதல் தேதி வசந்தகாலக் கருங்கரடி வேட்டை தொடங்குகிறது. கூடவே ஒரு பழைய புரளியும் கிளம்பிவிடும்: "நகரத்து விலங்கு ஆர்வலர்கள் 1999-இல் கூச்சல் போட்டு வசந்தகால வேட்டையை நிறுத்த வைத்தார்கள். அதனால்தான் கரடிகள் பெருகி ஊருக்குள் நுழைந்தன." டிம்மின்ஸ், சட்பரி போன்ற வடபகுதி ஊர்களில் இதைக் கேட்காமல் ஒரு கோடை கழிவதில்லை. அரசியல்வாதிகளும் இதையே சொல்லி வாக்குக் கேட்டிருக்கிறார்கள்.

இது பொய். அதைக் காட்டியவர்கள் பதாகை பிடித்த ஆர்வலர்கள்கூட அல்லர். மாகாண அரசின் சொந்த விஞ்ஞானிகள்.

1999-இல் நடந்தது என்ன? தொழிலதிபர் ராபர்ட் ஷாட்டின் அறக்கட்டளையும் விலங்கு நல அமைப்புகளும் நடத்திய பிரச்சாரத்துக்குப் பிறகு, மைக் ஹாரிஸின் கன்சர்வேடிவ் அரசு அந்த ஜனவரியில் வசந்தகால வேட்டையை ரத்து செய்தது. இலையுதிர்கால வேட்டை ஓர் ஆண்டுகூட நிற்கவில்லை. "கரடி வேட்டையை நிறுத்திவிட்டார்கள்" என்று புலம்புகிறவர்கள் இந்த ஒரு விவரத்தை மட்டும் வசதியாக விழுங்கிவிடுகிறார்கள்.

ஆர்வலர்களின் முதன்மையான வாதம் தாயை இழக்கும் குட்டிகளைப் பற்றியது. கருங்கரடிக் குட்டி ஜனவரியில் குகைக்குள் பிறக்கும்போது எடை சுமார் 300 கிராம். ஏறக்குறைய ஒன்றரை வயதுவரை அதற்குத் தாய் வேண்டும். மே மாதத்தில் தாய் சுடப்பட்டால் நான்கு மாதக் குட்டிக்குப் பிழைக்க வழியில்லை. குட்டியுடன் இருக்கும் தாயைச் சுடக் கூடாது என்று சட்டம் இருக்கிறதே என்பார்கள். காட்டில் நடப்பதைப் பாருங்கள். ஒரு பீப்பாயில் பழைய டோனட், பொரித்த எண்ணெய், பன்றிக் கொழுப்பு எல்லாம் போட்டு வைத்துவிட்டு வேட்டைக்காரர் மரத்தில் கட்டிய பரண்மேல் காத்திருக்கிறார். வாசனை பிடித்து வரும் தாய், குட்டிகளைத் தூரத்தில் ஒரு மரத்தில் ஏற்றிவிட்டுத் தான் மட்டும் பீப்பாய்க்கு வருகிறது. அடர்ந்த ரோமத்துக்குள் பால்மடி கண்ணில் படுவது அரிது. துப்பாக்கியின் தொலைநோக்கியில் தெரிவது ஒற்றைக் கரடி மட்டுமே.

புரளிக்கு வருவோம். 2003-இல் அரசே அமைத்த மறுஆய்வுக் குழு, வேட்டை ரத்தானதற்கும் ஊருக்குள் கரடித் தொல்லைக்கும் தொடர்பு இருப்பதாகச் சான்று இல்லை என்றது. அதே குழு, சமூக, பொருளாதாரக் காரணங்களுக்காக ஓரளவு வசந்தகால வேட்டையை மீண்டும் அனுமதிக்கலாம் என்றும் பரிந்துரைத்தது. பணத்துக்காக என்றால் பணத்துக்காக என்று சொல்லியிருக்கலாம். அரசியல்வாதிகள் அந்தக் காரணத்தைச் சொல்லாமல் "மக்கள் பாதுகாப்பு" என்ற பெயரைச் சூட்டினார்கள்.

2014-இல் எட்டு வனவிலங்கு மேலாண்மைப் பகுதிகளில் சோதனை முறையில் வேட்டை திரும்பியது. 2016-இல் விரிந்தது. 2021-இல் நிரந்தரமானது. சோதனை தொடங்கிய அதே 2014-இல் மாகாண அரசின் விஞ்ஞானி மார்ட்டின் ஆபர்டும் சகாக்களும் பல ஆண்டுத் தரவுகளை அலசி வெளியிட்ட ஆய்வு, கரடித் தொல்லை வேட்டையின் அளவோடு சேர்ந்து ஏறி இறங்கவில்லை என்று காட்டியது. தொல்லை கூடியதும் குறைந்ததும் காட்டில் கிடைக்கும் உணவைப் பொறுத்தே. 2023-இல் அதே அரசின் விஞ்ஞானி ஜோசப் நார்த்ரப்பின் குழு அந்தச் சோதனையையே எடை போட்டது. வேட்டை திரும்பிய பகுதிகளில் தொல்லை குறையவில்லை. சில அளவீடுகளில் கூடியிருந்தது. இதற்கு மேலும் எந்தச் சான்று வேண்டும்?

காரணம் சிக்கலானதல்ல. வசந்தத்தில் சுடப்படுபவை பெரும்பாலும் காட்டுக்குள் வைத்த இரைக்கு வரும் வளர்ந்த ஆண்கரடிகள். ஊர்த் தெருவில் குப்பையைக் கிளறும் கரடியை அந்தத் தோட்டா தொடுவதே இல்லை. பிந்திய பனியிலோ வறட்சியிலோ ப்ளூபெர்ரியும் ராஸ்பெர்ரியும் ஹேசல் கொட்டையும் பொய்த்துப்போகும் ஆண்டுகளில்தான் கரடிகள் ஊரை நோக்கி நடக்கின்றன. குளிர்கால உறக்கத்துக்கு முன் ஒரு கரடி நாளொன்றுக்கு 20,000 கலோரிவரை தின்னும். காட்டில் கிடைக்காததை அது வேறெங்கே தேடும்?

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை.

நம்பிக்கை: குட்டியுடன் இருக்கும் கருங்கரடித் தாய்தான் ஆளைக் கொல்லும்.
உண்மை: 1900 முதல் 2009 வரை வட அமெரிக்காவில் காட்டுக் கருங்கரடிகளால் இறந்தவர்கள் 63 பேர். ஸ்டீபன் ஹெரெரோ குழு இதை ஆராய்ந்தது. பெரும்பாலான மரணங்களுக்குக் காரணம் இரை தேடி வந்த தனி ஆண்கரடிகள்.

நம்பிக்கை: கரடி வேட்டையை எதிர்ப்பவர்கள் காட்டையே பார்க்காத நகரவாசிகள்.
உண்மை: கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துக் கடலோர முதற்குடிகள் 2012-இலேயே தங்கள் மண்ணில் வெற்றிச் சின்னமாகத் தலையையும் தோலையும் எடுக்கக் கரடி சுடுவதற்குத் தடை அறிவித்தார்கள். மாகாண அரசு கிரிஸ்லி கரடி வேட்டையைத் தடை செய்தது 2017 டிசம்பரில்.

நம்பிக்கை: வேட்டை நின்றால் வருமானம் போய்விடும்.
உண்மை: அதே கடற்கரையின் கிரேட் பேர் மழைக்காட்டில், கரடியை வேட்டையாட வந்தவர்கள் செலவிட்டதைப்போல் சுமார் 12 மடங்கு, பார்க்க வந்தவர்கள் செலவிட்டார்கள் என்று 2014-இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது.

நம்பிக்கை: ஒன்டாரியோவில் கருங்கரடி அழிவின் விளிம்பில் இருக்கிறது.
உண்மை: இல்லை. 85,000-க்கும் குறையாது என்பது மாகாணத்தின் மதிப்பீடு. இந்தப் பிழையைச் செய்பவர்கள் ஆர்வலர்கள். குட்டிகளைப் பற்றிய வலுவான வாதம் கையில் இருக்கும்போது இந்தப் பொய்க்கு அவசியமே இல்லை.

அப்படியானால் கரடியை ஊருக்கு வெளியே வைப்பது எப்படி? குப்பையில் தொடங்க வேண்டும். இதைச் சொன்னால் மேடையில் கைதட்டு விழாது என்பதால்தான் யாரும் சொல்வதில்லை. அமெரிக்காவின் கொலராடோவிலுள்ள டுராங்கோ நகரில், கரடி திறக்க முடியாத குப்பைத் தொட்டிகளைச் சில பகுதிகளுக்குக் கொடுத்து ஹெதர் ஜான்சன் குழு ஆராய்ந்தது. அங்கே குப்பையால் வரும் தொல்லை, மற்றப் பகுதிகளைவிட 60 சதவீதம் குறைந்தது. இத்தகைய தொட்டியின் தாழ்ப்பாள் ஓர் உறைக்குள் மறைந்திருக்கும். மனித விரல் நுழைந்து அதைத் தூக்கிவிடும். கரடியின் பாதம் நுழையாது.

ஒன்டாரியோவோ, கரடியோடு வாழக் கற்றுத்தர 2004-இல் தொடங்கிய பேர் வைஸ் திட்டத்தின் நிதியை 2012-இல் வெட்டியது. இரண்டே ஆண்டில் துப்பாக்கியைத் தீர்வாகக் கொண்டுவந்தது. வேட்டைக்காக வாதாடும் நகரசபை உறுப்பினர்களிடம் வடபகுதி மக்கள் கேட்க வேண்டியது இதைத்தான்: எங்கள் தெருவுக்குப் பூட்டுள்ள தொட்டி எப்போது வரும், அதற்கு இந்த ஆண்டு பட்ஜெட்டில் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள்? அது வரும்வரை குப்பையை முந்தின இரவு தெருவில் வைக்காமல் வண்டி வரும் காலையில் வையுங்கள். பறவைக்குத் தீனி போடும் கூடையை வசந்தம் பிறந்ததும் இறக்கிவிடுங்கள். பார்பிக்யூ அடுப்பின் எண்ணெய்த் தட்டை அன்றன்றே கழுவிவிடுங்கள்.