சிங்கப்பூரில் எதிர்க்கட்சி இல்லாத சபை ஏற்பட்டது எங்ஙனம்?

நம் காஞ்சி மாநகரில் பிறந்த அறிஞர் அண்ணா, 1962-ஆம் ஆண்டுத் தேர்தலில் இதே காஞ்சிபுரம் தொகுதியில் தோல்வியுற்றார். தோற்றவர் வாய்மூடி வீட்டில் இருந்துவிட்டாரா? இல்லை. அதே ஆண்டில் மாநிலங்கள் அவைக்குச் சென்று தம் கட்சியின் வாதத்தை எடுத்துரைத்தார். 1967-இல் நடைபெற்ற தேர்தலில், இருபது ஆண்டுகள் ஆண்ட காங்கிரஸ் கட்சி ஆட்சியை இழந்தது, அண்ணா முதலமைச்சரானார். ஆட்சி கைமாற வாக்குச்சீட்டு ஒன்றே போதுமானதாக இருந்தது.

புதிதாய் விடுதலை பெற்ற எல்லா நாடுகளுக்கும் இது வாய்க்கவில்லை. கானா நாட்டில் நிக்ருமா 1964-லும், பள்ளி ஆசிரியராக இருந்து தலைவரான நைரேரே தான்ஸானியாவில் 1965-லும், நாட்டில் ஒரு கட்சிதான் இருக்கலாம் என்று சட்டமே செய்துவிட்டனர். சிங்கப்பூர் அத்தகைய சட்டம் எதையும் செய்யவில்லை. தேர்தல்களும் தவறாமல் நடந்தன. ஆயினும் 1968 முதல் 1981 வரை, பதின்மூன்று ஆண்டுகள், அந்நாட்டுப் பாராளுமன்றத்திற்கு எதிர்க்கட்சியினர் ஒருவர்கூடத் தேர்ந்தெடுக்கப்படவில்லை! தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் அந்நாட்டில் இந்நிலை ஏன் ஏற்பட்டது என்பதைச் சற்று ஆராய்வோம்.

சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் யூ, கேம்பிரிட்ஜில் சட்டம் பயின்றவர். 1954-இல் மக்கள் செயல் கட்சியைத் தோற்றுவித்தார். 1959-இல் ஆட்சியைப் பிடித்தார். ஆனால் 1961-இல் கட்சி உடைந்தது. சட்டசபை உறுப்பினர் பதின்மூவர் விலகி, பாரிசான் சோசியாலிஸ் என்னும் இடதுசாரிக் கட்சியை அமைத்தனர். தொழிற்சங்கங்களில் பெரும்பாலானவை அவர்கள் பக்கம் சாய்ந்தன. லீயின் அரசு நூலிழையில் உயிர்தப்பியது எனலாம்.

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். 1963 பிப்ரவரி 2-ஆம் நாள் விடியுமுன், பாரிசான் தலைவர்களும் தொழிற்சங்கத்தினரும் பத்திரிகையாளரும் அடங்க, நூற்றுக்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். குற்றப் பத்திரிகை இல்லை. நீதிமன்ற விசாரணையும் இல்லை. கம்யூனிஸ்டுச் சதி என்று அரசு கூறிற்று. சதி மெய்தானா என்று வரலாற்று ஆசிரியர்கள் இன்றளவும் வாதிடுகின்றனர். அவ்வாண்டு செப்டம்பரில் நடந்த தேர்தலில், முக்கிய தலைவர் பலர் சிறையிலிருந்தும், 51 இடங்களில் பாரிசான் 13 இடங்களைப் பெற்றது. மக்களிடையே அதற்குச் செல்வாக்கு இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

லீயின் தரப்பில் சொல்லவேண்டியதும் உண்டு. அவருடைய அச்சங்கள் அனைத்தும் கற்பனை அல்ல. மலேசியாவுடன் இணைந்த மறு ஆண்டே, 1964 ஜூலையில், சீனருக்கும் மலாய்க்காரருக்கும் இடையே கலகம் மூண்டு 23 பேர் மாண்டனர். 1965 ஆகஸ்ட் 9-ஆம் நாள் சிங்கப்பூர் மலேசியாவினின்று பிரிய நேர்ந்தது. அச்செய்தியைத் தொலைக்காட்சியில் கூறுகையில் லீ கண்ணீர் விட்டார். விரும்பிப் பெற்ற விடுதலை அன்று அது. விளைநிலம் மிகக் குறைவு. குடிநீரில் பெரும்பகுதி எல்லைக்கு அப்பாலுள்ள ஜோகூரிலிருந்து வரவேண்டும். (கோடையில் பாலாறு வறண்டால் நாம் படும் பாட்டை எண்ணிப் பாருங்கள்! அண்டை நாட்டார் குழாயை மூடிவிட்டால் என்ன ஆவது?) போதாக்குறைக்கு, 1968 ஜனவரியில் பிரிட்டன் தன் படைகளை 1971-க்குள் திரும்பப் பெறப்போவதாக அறிவித்தது. அப்படைத்தளங்களை நம்பிப் பிழைத்த குடும்பங்கள் ஆயிரமாயிரம். இந்நிலையில் உட்பூசலுக்கு இடமில்லை என்று தலைவர் சொன்னபோது, மக்களில் பலர் தலையசைத்ததில் வியப்பில்லை.

இங்கே எதிர்க்கட்சியும் தன் கையாலேயே தன் இடத்தைக் காலி செய்தது. இந்த விடுதலை போலியானது என்று கூறி, பாரிசான் உறுப்பினர்கள் 1965 டிசம்பரில் கூடிய முதல் பாராளுமன்றத்தைப் புறக்கணித்தனர். 1966-இல் எஞ்சியவரும் பதவி துறந்தனர். போராட்டத்தை வீதிக்குக் கொண்டு செல்லப் போவதாகச் சொன்னார்கள். 1968 ஏப்ரலில் தேர்தல் வந்தது. மொத்தம் 58 தொகுதிகள். அவற்றுள் 51-இல் போட்டியிட ஆளே இல்லை. எஞ்சிய ஏழிலும் ஆளுங்கட்சியே வென்றது. சிறைவாசம் பாதி வேலையைச் செய்தது, புறக்கணிப்பு மறு பாதியைச் செய்தது என்பதே என் கருத்து. அண்ணா தோற்றபின் நாடிச் சென்ற அவையை, இவர்கள் வென்றபின் உதறிச் சென்றனர்.

அதன்பின் 1972, 1976, 1980 தேர்தல்களிலும் எல்லா இடங்களும் ஒரே கட்சிக்குப் போயின. அச்சம் மட்டும் இதற்குக் காரணமன்று. 1961-இல் புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதி தீக்கிரையாகிச் சுமார் 16,000 பேர் வீடிழந்தபோது, அரசு விரைந்து அடுக்குமாடி வீடுகள் கட்டித் தந்தது. தொழிற்சாலைகள் பெருகின, பள்ளிகள் பெருகின. லஞ்சம் கடுமையாக ஒடுக்கப்பட்டது. வீடும் வேலையும் பெற்றவர்கள் நன்றியுடன் வாக்களித்தனர்.

ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. பாரிசான் உறுப்பினராயிருந்த சியா தை போ என்பவர் 1966-இல் கைதானார். வன்முறையைக் கைவிடுவதாக எழுதிக் கொடுத்தால் விடுதலை என்றார்கள். வன்முறையையே நாடாத நான் அதைக் கைவிடுவதாக ஏன் எழுதவேண்டும் என்று மறுத்தார். விசாரணையின்றி 1989 வரை சிறை. பின்னர் ஒரு தீவில் கட்டுப்பாட்டு வாசம். 1998-இல்தான் எல்லாத் தடைகளும் நீங்கின. இளமையில் உள்ளே போனவர் முதுமையின் வாயிலில் வெளிவந்தார். நம் நாடு மட்டும் என்ன என்று கேட்பீர்கள். 1975 முதல் 1977 வரை நெருக்கடி நிலையில் நம் எதிர்க்கட்சித் தலைவர்களும் இவ்வாறே அடைக்கப்பட்டனர். ஆனால் 1977 தேர்தலில் அந்த அரசை மாற்ற மக்களுக்கு மாற்றுக் கட்சி இருந்தது. சிங்கப்பூரில் அப்படியொன்று இல்லை.

அங்கே அந்த மௌனத்தை முதலில் உடைத்தவர் ஒரு தமிழர் என்பது நமக்குச் சுவையான செய்தி. லீயின் அமைச்சரவையில் முதல் வெளியுறவு அமைச்சராக விளங்கிய எஸ். ராஜரத்தினம் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்தவர். லீயை எதிர்த்து நின்ற வழக்கறிஞர் ஜே. பி. ஜெயரத்தினமும் யாழ்ப்பாணத்தில் பிறந்தவரே! பாட்டாளிக் கட்சியின் தலைவரான அவர் பல தேர்தல்களில் தோற்றும் மனம் தளரவில்லை. 1981-இல் தேவன் நாயர் குடியரசுத் தலைவரானதால் ஆன்சன் தொகுதி காலியாயிற்று. அக்டோபர் 31-ஆம் நாள் நடந்த இடைத்தேர்தலில் ஜெயரத்தினம் 653 வாக்கு வேறுபாட்டில் வென்று, தனியொருவராய் எதிர்வரிசையில் அமர்ந்தார். 1984-இல் அவருடன் இன்னொருவரும் சேர்ந்து இருவராயினர். 1986-இல், கட்சிக் கணக்கு தொடர்பான வழக்கொன்றில் தண்டிக்கப்பட்டு அவர் பதவி இழந்தார். வழக்கறிஞர் பட்டியலினின்றும் பெயர் நீக்கப்பட்டது. 1988-இல் இலண்டன் பிரிவி கவுன்சில் அப்பெயர் நீக்கத்தை ரத்து செய்து, அவருக்குப் பெரும் அநீதி இழைக்கப்பட்டதாகக் கூறியது. பாராளுமன்ற இடம் மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை.

லீ குவான் யூ 1990-இல் பிரதமர் பதவியை விட்டிறங்கி, 2015-இல் காலமானார். 2025 தேர்தலில் அவருடைய கட்சி 97 இடங்களில் 87-ஐப் பெற்றது. மற்ற பத்தும் பாட்டாளிக் கட்சிக்குப் போயின.