கர்ப்பப்பையை எடுத்துத்தான் ஆகணுமா?

"ரெண்டு குழந்தை பெத்தாச்சு. இனி அந்தப் பை எதுக்குங்க? எடுத்துட்டா நிம்மதி!"

உடுமலைப்பேட்டையானாலும் சரி, கோவையானாலும் சரி, நாற்பதைத் தாண்டிய பெண்ணுக்கு அக்கம்பக்கம் சொல்லும் யோசனை இது. ஸ்கேனில் 'நார்க்கட்டி' என்று வந்துவிட்டால் போதும், வீடே பதறிப்போய் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிடும்.

கொஞ்சம் பொறுங்கள். கட்டி இருப்பது வேறு. கர்ப்பப்பையை எடுத்தே ஆகவேண்டும் என்பது வேறு. கையெழுத்துப் போடுமுன் இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

1. தொந்தரவு எவ்வளவு? அதிக ரத்தப்போக்கு, ரத்தசோகை, தாங்கமுடியாத வலி உண்டா? தொந்தரவே தராத சின்னக் கட்டியைப் பெரும்பாலும் அவ்வப்போது பரிசோதித்து வந்தாலே போதும்.

2. வயது என்ன? மாதவிலக்கு நின்றபின் நார்க்கட்டி பொதுவாகச் சுருங்கிவிடும். 35 வயதுக்காரருக்கும் 48 வயதுக்காரருக்கும் ஒரே முடிவு பொருந்தாது.

3. வேறு வழி பார்த்தாச்சா? ரத்தப்போக்கைக் குறைக்கும் மாத்திரைகள், கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம், கட்டியை மட்டும் அகற்றும் ஆபரேஷன் என்று பல வழிகள் உண்டு.

4. சினைப்பையையும் எடுக்கப் போகிறார்களா? கட்டாயம் கேளுங்கள். மாதவிலக்கு நிற்கும் முன்பே இரண்டையும் எடுத்தால் எலும்புத் தேய்மானம், இதய நோய் வரும் வாய்ப்பு கூடும்.

5. அப்புறம் யார் பார்த்துக்கொள்வது? வயிற்றைத் திறந்து செய்தால் சுமார் ஆறு வாரம் கனம் தூக்கக்கூடாது. தண்ணீர்க் குடம், மாட்டுக்குத் தீவனம் எல்லாம் யார் பொறுப்பு? செலவில் காப்பீடு எவ்வளவு தரும்?

ஆனால் ஒன்று: புற்றுநோய் உறுதியானால் தள்ளிப்போடவே கூடாது. மாதவிலக்கு நின்று ஒரு வருடம் கழித்து ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே டாக்டரிடம் போய்விடுங்கள்.

தேவையில்லாத கர்ப்பப்பை ஆபரேஷன்களைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2022-ல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அவற்றை மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்தும்படி உச்ச நீதிமன்றம் 2023-ல் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. ஆகவே கேள்வி கேட்கக் கூச்சமே வேண்டாம்.

சந்தேகம் தீரவில்லையா? ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு உடுமலை அரசு மருத்துவமனையிலோ, கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ இன்னொரு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். அவரிடம் இந்த ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: "இப்ப எடுக்காம மூணு மாசம் பொறுத்தா என்னங்க ஆகும்?"

அந்தப் பதிலைக் கேட்டபின் நாள் குறித்தால் போதும்.