எண்ணைக் கூட்டினால் ஒளி கூடுமா?

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில், காந்தி சிலைக்கு அருகில், பழைய கலங்கரை விளக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். பிரெஞ்சுக்காரர் ஆட்சியின்போது 1836-ஆம் ஆண்டில் ஏற்றப்பட்ட விளக்கு அது. பொழுது சாய்ந்த பின் என் மாணவர் ஒருவர் அதைப் படம் பிடித்தார். வெளிச்சம் போதாது என்று எண்ணி, தம் டிஜிட்டல் காமிராவில் ஐ.எஸ்.ஓ. எண்ணை 100-லிருந்து 1600-க்கு உயர்த்தினார். படம் வெளிச்சமாகத்தான் இருந்தது. ஆனால் சுவரெங்கும் மணலைத் தூவியது போன்ற புள்ளிகள்! "காமிரா பழுதாகிவிட்டதா, சார்?" என்று கேட்டார். பழுது ஏதும் இல்லை. பின் காரணம் என்ன?

பிலிம் காலத்தில் இந்த எண் பிலிமோடு வந்தது. எண் உயர்ந்த பிலிமில் வெள்ளி உப்பின் மணிகள் பெரியவை. ஆகவே குறைந்த ஒளியிலும் படம் விழும்; ஆனால் மணிகள் கண்ணுக்குத் தெரியும். டிஜிட்டல் காமிராவில் பிலிமுக்குப் பதிலாக ஓர் உணரி இருக்கிறது. அதில் இலட்சக்கணக்கான நுண்கட்டங்கள் உண்டு. ஒளித்துகளான போட்டான்கள் விழும்போது அவற்றில் எலக்ட்ரான்கள் சேர்கின்றன. ஐ.எஸ்.ஓ. எண்ணை மாற்றினால் உணரி மாறுவதில்லை. அதிலிருந்து வரும் மின்குறிப்பைப் பெருக்கும் அளவே மாறுகிறது. வானொலிப் பெட்டியில் ஒலியைக் கூட்டினால் பாட்டோடு இரைச்சலும் கூடுகிறதல்லவா? அதுபோலத்தான்.

இந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது? தூறலில் சில டம்ளர்களை மாடியில் வையுங்கள். ஒன்றில் மூன்று துளி விழும். அடுத்ததில் ஏழு விழும். நெடுநேரம் மழை பெய்தால் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே அளவு நீர் இருக்கும். போட்டான்களும் இப்படியே தற்செயலாக விழுகின்றன. சராசரி எண்ணிக்கையின் வர்க்கமூலமே ஏற்ற இறக்கத்தின் அளவு.

ஐ.எஸ்.ஓ. 100-இல் ஒரு வினாடி திறந்திருந்த காமிராவின் ஒரு கட்டத்தில் 1600 போட்டான்கள் பதிவானதாகக் கொள்வோம். ஏற்ற இறக்கம் 40; அதாவது 2.5 விழுக்காடு. எண்ணை 1600 ஆக்கினால், அதே வெளிச்சமுள்ள படத்துக்கு 1/16 வினாடி போதும் என்று காமிரா கணக்கிடும். இப்போது பதிவாவன 100 போட்டான்களே. ஏற்ற இறக்கம் 10. அதாவது 10 விழுக்காடு! சுவரில் கண்ட மணல் இதுதான். எண்ணைக் கூட்டியதால் ஒளி கூடவில்லை. ஒளி சேரும் நேரம் குறைந்துவிட்டது.

அப்படியானால் உயர்ந்த எண் வீணா? இல்லை. கலங்கரை விளக்கம் அசையாது. காமிராவை முக்காலியில் நிறுத்தி, ஐ.எஸ்.ஓ. 100 வைத்து, ஒரு வினாடி திறந்து வைக்கலாம். அலையில் ஆடும் படகை அப்படி எடுத்தால் உருவம் கலங்கிவிடும். அங்கே குறைந்த நேரம் வேண்டும். முதலில் லென்ஸின் துளையை முழுதும் திறவுங்கள். அதுவும் போதாவிட்டால் எண்ணை உயர்த்துங்கள். கலங்கிய படத்தைவிட மணல் தூவிய படம் மேல் அல்லவா?

ஒரு கணக்கு: ஐ.எஸ்.ஓ. 400 வைத்தால் மேற்கண்ட கட்டத்தில் எத்தனை போட்டான்கள் பதிவாகும்? ஏற்ற இறக்கம் எத்தனை விழுக்காடு? விடை: 400 போட்டான்கள்; 5 விழுக்காடு. நீங்களே போட்டுப் பார்த்து, பிறகு காமிராவிலும் சோதித்துப் பாருங்கள்.