ஒரே மாதிரி இருக்கும் மடக்குக் கத்திகளில் எதை எடுப்பது?

சித்திரை, வைகாசியில் ராஜபாளையம் மாந்தோப்புகளில் காய் இறங்கத் தொடங்கிவிட்டால் மடக்குக் கத்திக்கு வேலை ஓயாது. காம்பு நறுக்க வேண்டும், சணல் அறுக்க வேண்டும், உர மூட்டையின் தையலைப் பிரிக்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கட்டி வெளியூருக்கு அனுப்பும் கடைகளில் அட்டைப்பெட்டியும் டேப்பும் வெட்டியாக வேண்டும். இந்த வேலைகளுக்கு ஒரு கத்தி கேட்டால், கடைக்காரர் மூன்று நான்கு கத்திகளை மேசையில் பரப்புவார். நீளம் ஒன்று, பளபளப்பு ஒன்று, விலையும் ஏறக்குறைய ஒன்று. எதை எடுப்பது என்ற குழப்பம் நியாயமானதே.

பளபளப்பும் கைப்பிடியின் நிறமும் வேலை செய்யப் போவதில்லை. எஃகின் பதம், வாய்க்குப் பிடித்த சாணை, பூட்டு ஆகிய மூன்றுக்குத்தான் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள். வேலையை முதலில் முடிவு செய்துகொண்டு இந்த மூன்றையும் பார்த்தால் குறைந்த விலையிலும் நல்ல கத்தி அமையும்.

மலிவான கத்திகளின் அலகு பெரும்பாலும் தகட்டிலிருந்து அச்சில் வெட்டி எடுக்கப்படுகிறது. ஒரே வடிவத்தை எந்தத் தகட்டிலும் வெட்டலாம் என்பதால்தான் வெளித்தோற்றம் ஒன்றாக இருக்கிறது. வேறுபாடு உலையில் உண்டாகிறது. எஃகைச் செஞ்சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்தால் அது இறுகும்; அப்படியே விட்டால் தட்டியதும் உடைந்துவிடும். அதனால் ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் மறுபடி வைத்து அந்த முறுக்கைத் தணிக்கிறார்கள். இப்படி நிற்கும் இறுக்கம்தான் பதம். பதம் குறைந்த கத்தியின் வாய் சணலை அறுத்த கொஞ்ச நேரத்திலேயே மடங்கும். பதம் மீறிய கத்தியின் வாயில் பொடிப்பொடியாகப் பல் விழும். இதை ராக்வெல் எண்ணால் (கடினமான முனையை எஃகில் அழுத்தி, அது இறங்கும் ஆழத்தைக் கொண்டு அளக்கும் கடினம்) சொல்வார்கள். சட்டைப்பைக் கத்திக்கு 55 முதல் 59 வரை இருந்தால் போதும்.

அடுத்தது எஃகின் வகை. கார்பன் எஃகு எளிதில் கூராகும், சாதாரணத் தீட்டுக்கல்லுக்கே வசப்படும், ஆனால் துருப்பிடிக்கும். மாங்காய் நறுக்கினால் அலகு கறுக்கும், துண்டிலும் கறுப்பு ஏறும். அந்தக் கறுப்பைப் பார்த்துக் கத்தி கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். புளிப்பு பட்டு உண்டாகும் மேற்படலம் அது. சிவப்பாகப் பொரிந்து வரும் துருதான் கவனிக்க வேண்டியது. துருப்பிடிக்காத எஃகில் (குரோமியம் சேர்த்தது, கத்திகளில் பொதுவாக 13 சதவீதம் அளவில்) இந்தத் தொல்லை குறைவு. தின்பண்டம் கையாளும் கடைக்கும், மாங்காயின் சொணைப்பால் ஓயாமல் படும் கைக்கும் இதுவே நல்லது.

சீனத்திலிருந்து வரும் கத்திகளின் அலகில் ‘3சிஆர்13’, ‘8சிஆர்13’ என்பதுபோல் பொறித்திருப்பார்கள். பின்னால் உள்ள 13 குரோமியத்தின் சதவீதம். முன்னால் உள்ள எண் கரியின் (கார்பன்) அளவு: 3 என்றால் 0.3 சதவீதம், 8 என்றால் 0.8 சதவீதம். கரி கூடினால் எஃகு கூடுதலாக இறுகும், கூர் அதிக நாள் நிற்கும். இரண்டு கத்திகளும் ஒரே விலை என்றால் 8 என்று பொறித்ததை எடுங்கள். ‘டி2’ என்ற எஃகில் கூர் இன்னும் நீடிக்கும்; ஆனால் வீட்டுத் தீட்டுக்கல்லில் அதைத் திரும்பக் கூராக்குவது சிரமம். அலகில் ‘ஸ்டெயின்லெஸ்’ என்று மட்டும் இருந்தால் துரு குறைவு என்பதற்குமேல் அது எதையும் சொல்லவில்லை.

காந்தம் ஒட்டாவிட்டால்தான் அசல் ஸ்டீல் என்று சிலர் சோதித்துக் காட்டுவார்கள். பாத்திரத்துக்கு அந்தப் பேச்சு ஓரளவு பொருந்தும், கத்திக்குப் பொருந்தாது. பதம் ஏறக்கூடிய எஃகு, துருப்பிடிக்காத வகையாக இருந்தாலும், காந்தத்தில் ஒட்டும். காந்தம் ஒட்டாத எஃகு அலகு பெரும்பாலும் பாத்திரத் தகடு. அதற்குப் பதம் ஏறாது, கூர் நிற்காது. கடைக்காரர் முழங்கை மயிரை மழித்துக் காட்டுவதையும் சான்றாகக் கொள்ள வேண்டாம். மெல்லிசாகச் சாணை பிடித்த எந்தத் தகடும் முதல் நாள் மழிக்கும்.

தோட்டக்காரர்கள் ஏமாறும் இடம் சாணை. ஒட்டுக் கட்டும் கத்தியும் சாதாரண மடக்குக் கத்தியும் மூடியிருக்கும்போது ஒன்றுபோலவே இருக்கும். திறந்து, வாயை உங்கள் பக்கம் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள். ஒட்டுக் கத்தியின் ஒரு பக்கம் முற்றிலும் தட்டையாக இருக்கும்; சரிவு மறுபக்கம் மட்டுமே. சாதாரணக் கத்தியில் இரு பக்கமும் சரிவு இருக்கும். மாங்கன்றில் தாய்க்குச்சியை ஆப்புபோலச் சீவும்போது வெட்டுமுகம் மேடு பள்ளம் இல்லாமல் வழவழப்பாக வர வேண்டும். அப்போதுதான் பட்டைக்கு அடியில் உள்ள வளர்திசு (புதிய மரமும் பட்டையும் உருவாக்கும் மெல்லிய பச்சை அடுக்கு) வேர்ச்செடியின் திசுவோடு இடைவெளி இன்றிப் பொருந்தும். இருபுறச் சரிவுள்ள கத்தி மரத்துக்குள் வளைந்து இறங்கும். முகம் குழியும், நடுவில் காற்று நிற்கும், ஒட்டு காயும். ஒட்டுக் கட்டுவதுதான் வேலை என்றால் ஒருபுறச் சாணைக் கத்தியே வாங்குங்கள். இடக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்குச் சரிவு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிக் கேளுங்கள். அந்தக் கத்தியால் மூட்டை பிரிக்கவோ கம்பி சீவவோ வேண்டாம்.

விரலைக் காப்பது பூட்டு. பூட்டே இல்லாத, முதுகில் உள்ள வில் மட்டும் அலகைப் பிடித்திருக்கும் வகை பழையது, எளியது. சீவுவதற்கும் நறுக்குவதற்கும் அது போதும். குத்தித் திருகினால் விரல்மேல் மடங்கும். லைனர் லாக் (கைப்பிடிக்குள் உள்ள மெல்லிய தகடு பக்கவாட்டில் நகர்ந்து அலகின் அடியைத் தாங்குவது) ஒரு கையால் மூட வசதி. பேக் லாக் (முதுகில் உள்ள நெம்பி அலகின் பள்ளத்தில் விழுந்து பிடிப்பது) உறுதியானது. ஆனால் பள்ளத்தில் மண் சேர்ந்தால் முழுதாக விழாது. வளையப் பூட்டில் கழுத்து வளையத்தைத் திருப்பினால் அலகு நிற்கும். திருப்ப மறந்தால் பூட்டு இல்லாததற்குச் சமம்.

கடையிலேயே செய்ய வேண்டிய சோதனைகள் சில உண்டு. கத்தியை முழுதாகத் திறந்து, அலகின் முதுகைப் பிடித்து இடமும் வலமும் அசையுங்கள். ஆட்டம் இருந்தால் வைத்துவிடுங்கள். இன்று இருக்கும் சிறு ஆட்டம் நாளை பெரிதாகும். பூட்டு விழும்போது தெளிவான ஓசை வர வேண்டும். விரல்களை அலகின் பாதையிலிருந்து விலக்கிக்கொண்டு, முதுகை உள்ளங்கையால் மிதமாக அழுத்துங்கள். பூட்டு நழுவக் கூடாது. மூடிய நிலையில் அலகு இரு தகடுகளுக்கும் நடுவில் நிற்கிறதா, முனை வெளியே நீட்டுகிறதா என்று பாருங்கள். மூட்டில் திருகு இருந்தால் பிறகு இறுக்கலாம். அடித்து விரித்த ஆணி என்றால் பட்டறைக்குத்தான் போக வேண்டும். கடைசியாகக் கைப்பிடியை இறுகப் பிடியுங்கள். நான்கு விரலும் அடங்காத கத்தி வியர்த்த கையில் வழுக்கும்.

கொஞ்சம் கூடச் செலவழிக்க முடிந்தவர்கள் இரண்டு பெயர்களைக் கேட்பார்கள். பிரான்சின் சவோய் பகுதியில் 1890இல் ஜோசப் ஒப்பினெல் உருவாக்கிய ஒப்பினெல் கத்திக்கு மரக் கைப்பிடி. வளையப் பூட்டு 1955இல் சேர்ந்தது. எட்டாம் எண் கத்தியின் அலகு 8.5 சென்டிமீட்டர். இது கார்பன் எஃகு, துருப்பிடிக்காத எஃகு என இரண்டு வகையாக வருகிறது, உருவம் ஒன்றே. அலகில் ‘இனாக்ஸ்’ என்று பொறித்திருந்தால் துருப்பிடிக்காதது. மரம் நனைந்தால் உப்பும், அலகு திறக்க வராது. நீர் பாய்ச்சும் வேலைக்கு உகந்தது அல்ல. சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் 1884இல் தொடங்கியது. அதன் அலகு 56 ராக்வெல் அளவில் சற்று மிருதுவானது. அடிக்கடி தீட்ட வேண்டும், சீக்கிரம் கூராகும். மிகக் குறைந்த விலைக்கு இந்தப் பெயர்களில் கிடைப்பது போலியாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்தப் பணத்துக்குப் பெயர் இல்லாத நேர்மையான கத்தியே மேல்.

வாங்கிய பிறகு கத்தியைக் கெடுப்பது பெரும்பாலும் நம் அவசரம். மழுங்கியதும் மோட்டார் சாணையில் கொடுத்துப் பொறி பறக்கத் தீட்டினால் வாய் நீலநிறமாகும். நீலம் ஏறிய இடத்தில் பதம் போய்விட்டது என்று பொருள். அடுப்பில் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் பழைய பதம் வந்துவிடாது. வாய் விரிசல் விடும். சிமெண்ட் படியில் தேய்ப்பதும் வேண்டாம். ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் வழவழப்புமான தீட்டுக்கல் ஒன்று போதும். கத்தியைக் கல்லின்மேல் செங்குத்தாக நிறுத்துங்கள். பாதி சாய்த்தால் 45 டிகிரி, அதிலும் பாதி சாய்த்தால் ஏறக்குறைய 22. இருபுறச் சாணைக்கு அந்தச் சாய்வு சரி. மறுபக்கத்தில் விரலுக்குப் பிசிறு தட்டும்வரை தீட்டிவிட்டுத் திருப்புங்கள். ஒட்டுக் கத்திக்குச் சரிவை மட்டும் தீட்ட வேண்டும். தட்டைப் பக்கத்தைக் கல்லில் படுக்க வைத்துப் பிசிறு எடுத்தால் போதும்.

வேலை முடிந்ததும் சொணைப்பாலை ஈரத்துணியால் துடைத்து, உலர்த்தி, மூட்டில் ஒரு சொட்டுத் தையல் எந்திர எண்ணெய் விடுங்கள். துருவை எடுக்கக் கத்தியைப் புளியிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஊறப்போட வேண்டாம். சாறு மூட்டுக்குள் புகுந்து உள்ளிருந்தே அரிக்கும். இளநீர் சீவ அரிவாள் இருக்கிறது. மடக்குக் கத்தியால் கொத்தவும் நெம்பவும் கூடாது.

சட்டம் பற்றியும் பயம் வேண்டாம், கவனம் வேண்டும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைத்தான் ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன; வீட்டு, வேளாண் வேலைகளுக்கானவற்றுக்கு அதிலும் விலக்கு உண்டு. பொத்தானை அழுத்தினால் பாயும் கத்தி தோட்ட வேலைக்குத் தேவையில்லை. வீண் சந்தேகத்தைத்தான் தேடித் தரும். ஆனால் நம் பகுதிக்கு ஒரு தனிக் கட்டுப்பாடு உண்டு. சாம்பல் நிற அணில் சரணாலயமாக 1988இல் அறிவிக்கப்பட்ட மலைக்காடு, 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் கத்தியையும் ஆயுதமாகவே கணக்கிடுகிறது. எழுத்து மூலமான அனுமதி இன்றி ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழைவதை அதன் 31ஆம் பிரிவு தடுக்கிறது. சதுரகிரி மலைக்கோ செண்பகத்தோப்பு வழியாகக் காட்டுக்குள்ளோ போகிறவர்கள் கத்தியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது.

கை அறுபட்டால் காப்பித்தூளோ சுண்ணாம்போ மஞ்சளோ அப்ப வேண்டாம். ஓடும் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் எடுத்துப் பார்க்காதீர்கள். ரத்தம் நிற்காவிட்டாலோ, விரல் மரத்துப்போனாலோ, மடக்க முடியாவிட்டாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். நரம்போ தசைநாணோ அறுந்திருக்கலாம். காயம் சிறியது என்றாலும் தடுப்பூசி (டெட்டனஸ்) பற்றி மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

ஒட்டுக் கட்டுபவருக்கு ஒருபுறச் சாணையுள்ள கார்பன் எஃகு. காய் பறிப்பவருக்கும் கடைக்காரருக்கும் பூட்டுள்ள, துருப்பிடிக்காத எஃகு. இத்தனைக்குப் பிறகும் இரண்டு கத்திகள் சமமாக நின்றால் விலை குறைந்ததை எடுங்கள். மிச்சப் பணத்துக்கு ஒரு நல்ல தீட்டுக்கல் வாங்குங்கள். தீட்டுக்கல் இல்லாத வீட்டில் எந்த விலைக் கத்தியும் சில வாரங்களில் மொண்ணையாகிவிடும்.