விரல் நுனியில் எரியும் சிவப்பு விளக்கு

சென்ற மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயுள்ள பெரியவர் ஒருவரை அவருடைய மகள் எங்கள் பிரிவுக்குக் கொண்டுவந்தார். வீட்டிலேயே ஆக்ஸிஜன் கான்சென்ட்ரேட்டர் வைத்திருக்கும் குடும்பம். முந்திய இரவு தந்தையின் விரலில் மாட்டிய பல்ஸ் ஆக்ஸிமீட்டர் 89 என்று காட்டியிருக்கிறது. அச்சமுற்ற மகள் ஆக்ஸிஜனின் அளவைக் கூட்டினார். எண் 98 ஆயிற்று. நிம்மதியாக உறங்கப் போனார். விடிந்ததும் தந்தையை எழுப்ப முடியவில்லை. எண் அப்போதும் 98தான்.

பெரியவர் பிழைத்துக்கொண்டார். ஆயினும், "நம்பர் நல்லாத்தானே சார் இருந்துச்சு?" என்று அந்த மகள் கேட்டது இன்னும் என் நினைவில் இருக்கிறது. இன்று பல வீடுகளில் வெப்பமானிக்குப் பக்கத்தில் இக்கருவியும் இருக்கிறது. அது எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை என்பதை வாசகர்கள் அறிந்திருத்தல் நலம்.

ஆக்ஸிமீட்டர் பார்ப்பது இரத்தத்தின் நிறத்தை. ஆக்ஸிஜன் ஏறிய ஹீமோகுளோபின் பளிச்சென்ற சிவப்பாகவும், ஆக்ஸிஜனை இழந்தது கருஞ்சிவப்பாகவும் இருக்கும். கருவியின் ஒரு பக்கத்தில் இரண்டு சிறு விளக்குகள் உள்ளன. ஒன்று 660 நானோமீட்டர் அளவிலான சிவப்பு ஒளி. மற்றொன்று 940 நானோமீட்டர் அளவிலான, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. விரலைக் கடந்து வரும் ஒளியை எதிர்ப்பக்கத்திலுள்ள உணரி அளக்கிறது. ஆக்ஸிஜன் ஏறிய இரத்தம் சிவப்பு ஒளியைத் தாராளமாகக் கடக்க விட்டு, அகச்சிவப்பைச் சற்று அதிகமாக உறிஞ்சும். ஆக்ஸிஜன் இழந்த இரத்தம் இதற்கு நேர்மாறு. இவ்விரண்டின் விகிதமே திரையில் விழுக்காடாக வருகிறது.

விரலில் தோல், தசை, எலும்பு, நகம், சிரை இரத்தம் எல்லாம் இருக்கின்றனவே, இவற்றுள் தமனி இரத்தத்தை மட்டும் எப்படிப் பிரித்தறிவது? இதற்கு வழி கண்டவர் ஜப்பானில் நிஹோன் கோடன் நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர் தக்குவோ அவோயாகி. அவர் முதலில் தேடியது வேறொன்று. இரத்தத்தில் சாயத்தைச் செலுத்தி, காது மடல் வழியாக ஒளியைப் பாய்ச்சி, இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் அளவைக் கணக்கிட முயன்றார். ஒவ்வொரு நாடித் துடிப்பிலும் வரைகோடு ஏறி இறங்கித் தொல்லை கொடுத்தது. இரு நிற ஒளிகளைக் கொண்டு அத்துடிப்பை ஈடுசெய்து நீக்கினார். ஆனால் இரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவு மாறும்போதெல்லாம் அந்த ஈடு பிசகியது. அப்பிசகைக் கொண்டே ஆக்ஸிஜனை அளக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. விரலுக்குள் துடிப்பது தமனி இரத்தம் மட்டுமே; துடிக்கும் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால் தோலும் எலும்பும் கணக்கிலிருந்து விலகிவிடும். 1974இல் இதற்குக் காப்புரிமை கோரப்பட்டது. உலகமே ஆக்ஸிமீட்டரைத் தேடி அலைந்த 2020ஆம் ஆண்டின் ஏப்ரலில் அவர் மறைந்தார்.

கைக்கடிகாரத்தின் அடியில் மினுங்கும் பச்சை விளக்கும் இதே வழியில்தான் நாடியை எண்ணுகிறது.

துடிப்பே அடிப்படை என்பதால், துடிப்பு மங்கினால் கணக்கும் தடுமாறும். குளிர்ந்த விரல், நடுங்கும் கை, அடர்ந்த நகச்சாயம், கருமை ஏறிய மருதாணி ஆகியவை எண்ணைத் திரிக்கலாம். எனவே நோயாளியை ஐந்து நிமிடம் அமர்த்தி, கையைத் தேய்த்துச் சூடாக்கி, எண் நிலைக்கும்வரை ஒரு நிமிடமாவது காத்திருங்கள். கருவி காட்டும் நாடித் துடிப்பையும் மணிக்கட்டில் நீங்களே எண்ணும் துடிப்பையும் ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தவில்லையென்றால் ஆக்ஸிஜன் எண்ணையும் நம்பவேண்டாம்.

பொருந்தினாலும் சிறு பிழை இருக்கவே செய்யும். திரையில் 90 என்றிருந்தால் உண்மை அளவு 86 முதல் 94 வரை எங்கேனும் இருக்கலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கூறுகிறது. தோலின் நிறத்துக்கும் இதில் பங்கு உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், கருவி கண்டுபிடிக்கத் தவறிய ஆக்ஸிஜன் குறைவு வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு காணப்பட்டது. அது அமெரிக்க நோயாளிகளைப் பற்றிய ஆய்வு. எனினும் கருநிறத்தவர் மிகுந்த நம் ஊரிலும், மூச்சு வாங்கும் ஒருவரை 95 என்ற எண்ணைக் காட்டிச் சமாதானப்படுத்தக் கூடாது என்பது என் கருத்து.

கரிப்புகை இன்னும் ஆபத்தானது. மலையூர்களில் குளிருக்காகக் கரியடுப்பை மூட்டி அறையை மூடிக்கொண்டு உறங்குவோர் உண்டு. அப்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினும் சிவப்பாகவே இருக்கும். உயிர் போய்க்கொண்டிருக்கும்போதும் சாதாரண ஆக்ஸிமீட்டர் 98 காட்டும்.

பெரியவருக்கு நேர்ந்ததும் இப்போது விளங்கும். கருவிக்குக் கரியமில வாயு தெரியாது. அவருடைய நோயில் அவ்வாயு முழுமையாக வெளியேறாமல் தேங்குவதுண்டு. அத்தகையோருக்கு வேண்டியதற்கு மேல் ஆக்ஸிஜன் கொடுத்தால் தேக்கம் மிகுந்து மயக்கத்தில் முடியலாம். ஆகவே அவர்களுக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் குறிக்கும் இலக்கு 88 முதல் 92 வரை. மகளை அஞ்ச வைத்த 89 அவருக்குச் சரியான எண். தேங்கிய கரியமில வாயுவை அறியத் தமனியிலிருந்து இரத்தம் எடுத்துச் சோதிக்க வேண்டும். வீட்டில் கவனிக்கக்கூடியவை காலைத் தலைவலி, வழக்கமில்லாத உறக்கம், குழம்பிய பேச்சு, கைகள் வெடவெடத்தல் ஆகியன. இவற்றுள் எது தோன்றினாலும், எண் எதுவாயினும், உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். ஆக்ஸிஜனை நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், திடீரென நிறுத்தவும் வேண்டாம்.

எல்லாருக்கும் பொதுவான எண் என்று ஒன்றில்லை. நுரையீரல் நோயில்லாதவருக்கு 95க்கு மேல் இருப்பது இயல்பு. உங்கள் நோயாளிக்கு எது இலக்கு என்பதை வீடு திரும்புமுன் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

அந்த மகள் சென்ற மாதம் மறுபரிசோதனைக்கு வந்திருந்தார். கான்சென்ட்ரேட்டரின் மேல் "அப்பாவுக்கு 88–92" என்று எழுதி ஒட்டியிருக்கிறாராம். குறிப்பேட்டையும் காட்டினார். தேதி, ஆக்ஸிஜன், நாடி என்ற பத்திகளுக்குப் பக்கத்தில் நாங்கள் சொல்லாத ஒரு பத்தியை அவரே கோடிட்டுச் சேர்த்திருந்தார்: "கூப்பிட்டதும் எழுந்தாரா?"